ஒரே எண், மூன்று பதிவுகள்: ஒரு பழைய மரக் கனூவின் அடையாள ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படகு, 17 அடி நீளமுள்ள, மர உடலின்மேல் கித்தான் போர்த்திய கனூ; அதாவது துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய, இலகுவான படகு. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், ஏரிக்கரை வீடொன்றின் படகுக் கொட்டகையில் அது பல ஆண்டுகளாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தம் தாத்தா அதை 1910இல் வாங்கினார் என்று கேட்டு வளர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்தான் இன்றைய உரிமையாளர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய உறவினர் ஒருவர் கனூவின் உள்ளே பொறித்திருந்த வரிசை எண்ணைக் கண்டுபிடித்து, மெய்ன் மாநிலத்தின் ஓல்ட் டவுன் கனூ நிறுவனத்துப் பதிவுகளில் தேடச் செய்திருக்கிறார். 1910ஐ ஒட்டிய காலத்தில் தயாரான ஒரு 17 அடி கனூவின் பதிவு கிடைத்தது. குடும்பத்தார் சொல்லிவந்ததும் பதிவும் ஒத்துப்போனதால், அதற்குமேல் யாரும் கேள்வி எழுப்பவில்லை.

பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கும் முன் அந்தப் பதிவின் நகலை உரிமையாளர் நிதானமாகப் படித்தபோதுதான் ஒரு முரண் தென்பட்டது. பதிவு மூடிய விளிம்பு கொண்ட கனூவைச் சொல்கிறது. கொட்டகையில் இருப்பதோ திறந்த விளிம்பு கொண்டது (இரண்டின் வேறுபாட்டைப் பின்னர் விளக்குகிறேன்). விளிம்பை யாராவது இடையில் மாற்றியிருப்பார்களா, அல்லது பதிவே வேறொரு கனூவுடையதா என்பதுதான் என்னிடம் வந்த கேள்வி. முழு எண்ணையும் வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே, அது 1 என்ற இலக்கத்தில் தொடங்கும் ஐந்திலக்க எண் என்பதையும், அதை அடுத்துச் சற்று இடைவெளி விட்டு, நீளத்தைக் குறிக்கும் 17 என்ற எண் தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் மட்டும் இங்கே தருகிறேன்.

இவ்வகைக் கனூ எப்படிக் கட்டப்படுகிறது என்பது தெரிந்தால்தான், அடையாளம் காண்பதற்கு எண் ஏன் இவ்வளவு அவசியமாகிறது என்பது விளங்கும். பெனாப்ஸ்காட் ஆற்றங்கரையில் வாழ்ந்த பழங்குடியினர் பிர்ச் மரப்பட்டையால் கனூ கட்டிவந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரப்பட்டையின் இடத்தைக் கித்தான் பிடித்தது. வடிவம் பெருமளவு அப்படியே நின்றது. தொழிற்சாலையில் முதலில் ஒரு கெட்டியான மர அச்சைக் கவிழ்த்து வைப்பார்கள். வங்கு, அதாவது படகின் உடலைக் குறுக்கே தாங்கும் விலா எலும்பு போன்ற வளைசட்டம், ஒவ்வொன்றும் வந்து அமரும் இடத்தில் அந்த அச்சின்மேல் ஓர் உலோகப் பட்டை ஓடும். நீராவியில் பதமாக்கிய, சிடார் என்ற இலகுவான மரத்தாலான வங்குகளை அதன்மேல் வளைத்து, மெல்லிய சிடார் பலகைகளை அவற்றின்மேல் பரப்பி, பித்தளை ஆணிகளை அடிப்பார்கள். ஆணியின் முனை மரத்தைத் துளைத்து உலோகப் பட்டையில் மோதியதும் தானே மடங்கி மரத்துக்குள் திரும்பிப் பதிந்துவிடும். உடலை அச்சிலிருந்து கழற்றிய பிறகு கித்தானை இறுக இழுத்துப் போர்த்தி, நெசவுக் கண்களை அடைக்கும் பூச்சைத் தேய்த்து, அது காய்வதற்கு வாரக்கணக்கில் விட்டுவிட்டு, கடைசியில் வண்ணம் பூசுவார்கள்.

ஒரே அச்சில் ஆண்டுக்கணக்கில் கட்டப்பட்ட கனூக்கள் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அதோடு, மெய்ன் மாநிலத்தில் ஒரு சில ஊர்களுக்குள்ளேயே பல தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். ஒருவர் செய்யும் முறை மற்றவருக்குத் தெரியும். எனவே, ‘இது ஓல்ட் டவுன் கனூதான், பார்த்தாலே தெரிகிறது’ என்று யாராவது சொன்னால் அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. கனூவின் நுனியை மேலே மூடும் முனைத்தட்டில் ஒட்டியிருக்கும் நிறுவனச் சின்னத்துக்கும் அதே நிலைதான். அச்சின்னங்களின் நகல்கள் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பழுதுபார்த்தவர் எவரும் வாங்கி ஒட்டியிருக்கலாம். இந்தக் கனூவில் சின்னம் எதுவும் இல்லாதது ஒருவகையில் நன்மையாகவே முடிந்தது.

ஓல்ட் டவுன் நிறுவனம் தான் கட்டிய ஒவ்வொரு கனூவுக்கும் ஒரு பதிவு எழுதி வைத்தது. அவற்றில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை அழியாமல் கிடைத்திருப்பது, இந்தத் துறையில் ஈடுபட்டவர்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. அவை மின்வடிவிலும் சேமிக்கப்பட்டுள்ளன. 1979இல் தொடங்கிய மரக் கனூ பாரம்பரியச் சங்கத்தின் உறுப்பினர்கள், எண்ணைக் கொண்டு வருவோருக்குப் பதிவைத் தேடித் தந்து உதவிவருகிறார்கள். ஒரு பதிவில் நீளம், தரம், மாதிரி, பலகையின் மரம், விளிம்பின் வகையும் மரமும், முனைத்தட்டு, குறுக்குச்சட்டம், இருக்கை ஆகியவற்றின் மரம், ஏரா (கனூவின் அடிப்புற நடுக்கோட்டில் ஓடும் நீளச் சட்டம்) உண்டா இல்லையா, கித்தான் போர்த்திய தேதி, பூச்சிட்ட தேதி, வண்ணம், வார்னிஷ், அனுப்பிய தேதி, அனுப்பிய ஊர் என்று பல விவரங்கள் சுருக்கெழுத்தில் இருக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலை ஊழியர் கடமைக்காக எழுதி வைத்த குறிப்பு, இன்று ஒரு படகின் பிறப்புச் சான்றிதழாக உதவுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நன்றியுணர்வே மேலிடுகிறது.

எல்லா நிறுவனங்களுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. மெய்ன் மாநிலத்தின் வீசி என்ற ஊரில் இயங்கிய மாரிஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை 1920ஐ ஒட்டி எரிந்துபோனது. மாரிஸ் கனூக்களில் எண், கீழே நான் விளக்கும் முனைக்கட்டையில் இருக்காது. அணியத்துப் பக்கம், அதாவது முன்முனைப் பக்கம், உள்விளிம்பில் ஆணியடித்த சிறிய பித்தளைத் தகட்டில் இருக்கும். தகடு கிடைத்தாலும் பதிவு கிடைக்காது என்பதால், எஞ்சியிருக்கும் மற்ற மாரிஸ் கனூக்களின் எண்களோடும் அமைப்போடும் ஒப்பிட்டுத்தான் காலத்தைக் கணிக்க முடியும். கனடாவின் ஃபிரெட்ரிக்டன் நகரில் இருந்த செஸ்ட்நட் நிறுவனத்தின் தொழிற்சாலையும் 1921இல் எரிந்தது. 1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் தயாரான படகுகளுக்குச் சட்டப்படி பன்னிரண்டு எழுத்தெண் கொண்ட உடல் அடையாள எண் உண்டு. ஓல்ட் டவுன் படகுகளில் அது எக்ஸ்-டி-சி (XTC) என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும். அத்தகைய எண் இருந்தால் இங்கே விவரிக்கும் சிக்கல் எதுவும் எழாது. நம் கனூவில் அது இல்லை.

இனி எண்ணைப் படித்த விதம். கனூவின் இரு முனைகளிலும் பலகைகள் ஒன்றுசேரும் இடத்தில், அடியிலிருந்து மேல்நோக்கி வளைந்து ஏறும் ஒரு கட்டை இருக்கும். முனைக்கட்டை என்று அதைக் குறிப்பிடுகிறேன். அதன் அடிப்பகுதி கனூவின் தரையோடு தட்டையாகப் படிந்திருக்கும். அந்தத் தட்டையான மேற்பரப்பில்தான், அணியத்தில் ஒருமுறையும் பின்முனையான அமரத்தில் ஒருமுறையுமாக, ஒரே எண் இருமுறை அச்சுக்குத்தப்பட்டிருக்கும். முனைத்தட்டின் நிழல் விழும் குறுகலான இடம் அது. மண்ணும் இலைச்சருகும் பல அடுக்கு வார்னிஷும் அங்கேதான் சேரும். அதைக் கண்டதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடும் ஆர்வம் பலருக்கு வருகிறது. இதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. சிடாரோடு ஒப்பிட்டால் முனைக்கட்டை உறுதியான மரம்தான். ஆயினும் பொறித்த எண்ணின் ஆழம் மிகக் குறைவு. சில நிமிடத் தேய்ப்பில் எண் போய்விடும், போனால் திரும்ப வராது.

முதலில் உலர்ந்த தூரிகையால் மண்ணை நீக்கினோம். பிறகு வார்னிஷை இளக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து, இளகியதை மென்மையான பல்துலக்கியால் மர ரேகையின் போக்கிலேயே எடுத்தோம். மேலிருந்து விளக்கடித்துப் பார்த்தபோது எண் ஒன்றும் தெளிவாகவில்லை. விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்ததும் இலக்கங்களின் ஓரங்களில் நிழல் விழுந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. விளக்கை இடமிருந்தும் வலமிருந்தும் முனைப் பக்கமிருந்தும் மாற்றி மாற்றிப் பிடித்துப் படமெடுத்தோம். மெல்லிய தாளை மேலே விரித்து, பென்சிலின் பக்கவாட்டால் தடவி ஒரு படியும் எடுத்துக்கொண்டோம். ஒரு திசை ஒளியில் தெரியாத கோடு இன்னொரு திசையில் தெரிந்துவிடும் என்பதால் ஒற்றைப் படத்தை மட்டும் நம்புவது சரியல்ல.

அணியத்து எண்ணில் மூன்றாம் இலக்கத்தின்மேல் யாரோ பிற்காலத்தில் ஒரு பித்தளை ஆணியை அடித்திருந்தார்கள். ஆணித்தலையின் வலப்புறம் எட்டிப்பார்த்த வளைவை மட்டும் வைத்து அது 3 என்றும் சொல்லலாம், 8 என்றும் சொல்லலாம். அமரத்து எண்ணில் மூன்றாம் இலக்கம் ஐயத்துக்கு இடமில்லாமல் 3 என்று இருந்தது. ஆனால் அங்கே ஈரம் தங்கியதால் மரம் உளுத்து, ஐந்தாம் இலக்கம் முழுவதுமாக உதிர்ந்துபோயிருந்தது. அணியத்தில் ஐந்தாம் இலக்கம் கூர்மையாக இருந்தது. இரு முனைகளையும் சேர்த்துப் படித்தபோது ஐந்து இலக்கங்களும் உறுதியாயின. 17 என்ற நீள எண் இரு முனையிலும் முழுதாக இருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் எண்ணை இருமுறை பொறித்தது எத்தனை நல்ல வழக்கம் என்பதற்கு இந்தக் கனூவே சாட்சி. உறவினர் முன்பு அனுப்பிய எண்ணும் இதுவேதான் என்பதையும் சரிபார்த்துக்கொண்டோம். ஆகவே, எண்ணைத் தவறாகப் படித்ததால் வந்த குழப்பம் அல்ல இது.

எண் சரி, பதிவும் அந்த எண்ணுக்குரியதே. அப்படியிருந்தும் கனூ பொருந்தவில்லை. இந்த இடத்தில் பலர் கனூவின்மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். ‘நூறு ஆண்டில் யாரோ விளிம்பை மாற்றியிருப்பார்கள்’ என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாற்றியிருந்தால் அதற்கான வடு மரத்தில் இருந்தே தீரும் என்பதால், ஊகத்தை ஏற்கும் முன் வடுவைத் தேடினோம்.

மூடிய விளிம்பு என்பது, வங்குகளின் மேல்முனைகளும் அவற்றுக்கு இருபுறமும் உள்ள சட்டங்களும் வெளியே தெரியாதபடி மேலே ஒரு மெல்லிய சட்டத்தைத் தொப்பிபோல் வைத்து ஆணியடிக்கும் முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதுவே பெருவழக்கு. திறந்த விளிம்பில் அந்த மேல்சட்டம் இல்லை. உள்சட்டத்துக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவே வங்கு முனைகள் தெரியும். வங்குக்கும் வங்குக்கும் இடையில் வெளிச்சம் வரும். கனூவைக் கவிழ்த்தால் உள்ளே தேங்கிய நீரும் மண்ணும் அந்த இடைவெளிகள் வழியே வெளியேறிவிடும் என்பதால் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இந்த அமைப்பு வேகமாகப் பரவியது.

இரண்டுக்கும் உள்சட்டத்தின் அமைப்பே வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டுமானால் மேல்சட்டத்தைக் கழற்றினால் மட்டும் போதாது. உள்சட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். மாற்றினால் ஒவ்வொரு வங்கின் தலையிலும் பழைய ஆணியின் துளையும் புதிய ஆணியும் அருகருகே இருக்கும். பழைய உள்சட்டத்தை வைத்துக்கொண்டே மேல்சட்டத்தை மட்டும் எடுத்திருந்தால், சட்டத்தின் மேல்முகத்தில் முனையிலிருந்து முனைவரை ஆணித்துளைகள் வரிசையாக நிற்கும். இடப்பக்க வெளிச்சட்டத்தின் திருகாணிகளைக் கழற்றி, சட்டத்தை மெல்ல விலக்கி, வங்குத் தலைகளை ஒன்றுவிடாமல் பார்த்தோம். வங்குக்கு வங்கு ஒரே தொகுதி ஆணிதான். பழைய துளை எங்கும் இல்லை. உள்சட்டத்தின் மேல்முகம் வடுவே இல்லாமல் இருந்தது. உள்சட்டத்தில் வெளிறித் தெரிந்த இடங்கள், இப்போதுள்ள வங்குகள் மறைத்திருந்த இடங்களோடு சரியாகப் பொருந்தின. அதாவது அந்தச் சட்டமும் அந்த வங்குகளும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வெயில்பட்டு முதுமை அடைந்தவை. இந்தக் கனூ பிறவியிலேயே திறந்த விளிம்பு கொண்டது என்று அப்போது முடிவாயிற்று.

அப்படியானால் கையிலிருக்கும் பதிவு இந்தக் கனூவுடையது அல்ல. எண்ணும் தவறில்லை, பதிவும் தவறில்லை என்றால், மிச்சமிருக்கும் ஒரே சாத்தியம், எண்ணைத் தேடிய இடம் தவறு என்பதே.

வரிசை எண் என்பது ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் பொருள் உள்ளது. ஊர்முழுவதற்கும் பொதுவான எண்வரிசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசையைத் தொடங்கி மேலே ஏறியது. ஓல்ட் டவுன் நிறுவனம் மற்ற எல்லோரையும்விட அதிகம் தயாரித்ததால் அதன் எண்கள் ஐந்திலக்கத்தைத் தாண்டி ஆறிலக்கத்துக்கும் சென்றன. பெரிய எண் ஒன்று கிடைத்தால் அது ஓல்ட் டவுனுடையதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். தொல்லை தருவது சிறிய எண்கள்தாம். ஓல்ட் டவுனில் 1 என்று தொடங்கும் ஐந்திலக்க எண்கள் 1910ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் வந்து முடிந்துவிட்டன. அதே எண்களை மெதுவாக ஏறிக்கொண்டிருந்த மற்ற நிறுவனங்கள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே தொட்டன. அவற்றுள் இரண்டு நம் ஆய்வுக்கு முக்கியமானவை.

ஒன்று கென்னபெக் கனூ நிறுவனம். மெய்ன் மாநிலத்தின் வாட்டர்வில் நகரில் 1909இல் தொடங்கி, இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை இயங்கியது. அதுவும் முனைக்கட்டையிலேயே எண்ணைப் பொறித்தது. மற்றொன்று கார்ல்ட்டன் கனூ நிறுவனம். ஓல்ட் டவுன் என்ற அதே ஊரில் தனியாக இயங்கிவந்த இந்த நிறுவனத்தை 1910இல் ஓல்ட் டவுன் கனூ நிறுவனம் வாங்கிவிட்டது. வாங்கிய பிறகு கார்ல்ட்டன் என்ற பெயரை நிறுத்தவில்லை. தனி விலைப்பட்டியல், தனிப் பெயர், தனி எண்வரிசை என்று அதைத் தொடர்ந்து விற்றது. ஒரே ஊரில், ஒரே உரிமையாளர்களின் கீழ் இரண்டு எண்வரிசைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணை ஓல்ட் டவுன் வரிசையில் மட்டும் தேடினால் கார்ல்ட்டன் கனூவுக்கு ஓல்ட் டவுன் பதிவொன்று தவறாமல் கிடைத்துவிடும். 17 அடி மிகப் பரவலான நீளம் என்பதால் நீளமும் ஒத்துப்போகக்கூடும். இந்தக் குடும்பத்துக்கு நடந்தது அதுதான். அவர்கள்மேல் குறை சொல்ல எதுவுமில்லை. நீள எண் பொருந்துகிறதா என்ற முதல் சோதனையை அவர்கள் செய்துதான் இருந்தார்கள்.

கென்னபெக், கார்ல்ட்டன் ஆகிய இரண்டு வரிசைகளிலும் அதே எண்ணைத் தேடக் கேட்டுக்கொண்டோம். இரண்டிலும் பதிவு கிடைத்தது. கென்னபெக் பதிவு 16 அடி கனூவுடையது. நம் கனூவில் 17 என்று இருமுறை பொறிக்கப்பட்டிருக்கிறது. முனையிலிருந்து முனைவரை நாடா பிடித்து அளந்ததிலும் 17 அடிதான். எனவே அந்தப் பதிவை மேலும் ஆராயத் தேவை ஏற்படவில்லை.

கார்ல்ட்டன் பதிவு 17 அடி, ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தாலான திறந்த விளிம்பு, ஏரா உண்டு, அடர்சிவப்பு வண்ணம் என்றது. கட்டி முடித்து அனுப்பிய காலம் 1920களின் நடுப்பகுதி. விளிம்பு பொருந்துகிறது என்பதாலேயே இதை ஏற்றுக்கொள்வது முன்பு நடந்ததை மீண்டும் செய்வதாகிவிடும் என்பதால், பதிவின் ஒவ்வொரு வரியையும் கனூவின்மேல் வைத்துப் பார்த்தோம். சட்டத்தின் அடிப்பக்கத்தில் பூச்சில்லாத இடத்தைச் சுரண்டிப் பார்த்தபோது வெளிர்நிறமும் நேரான ரேகையும் கொண்ட ஸ்புரூஸ்தான் தெரிந்தது. ஏரா இப்போது கனூவில் இல்லை. ஆனால் தரையின் நடுக்கோட்டில், உள்ளிருந்து பார்த்தால் வங்குகளின் நடுவே சீரான இடைவெளியில் மரச்சக்கை வைத்து அடைத்த துளைகள் வரிசையாக இருக்கின்றன. ஏராவைத் திருகாணி போட்டுப் பிடித்திருந்த துளைகள் அவை.

வண்ணம்தான் மிகக் கடினமாக இருந்தது. இப்போதுள்ள கித்தான் பச்சை நிறம். அது மூலக் கித்தான் அல்ல என்பதற்குப் பலகையின் மேல்விளிம்பில் இரண்டு வரிசையாகத் தெரியும் ஆணித்துளைகளே சான்று; ஒருமுறையாவது பழைய கித்தானைக் கழற்றிப் புதியதைப் போர்த்தியிருக்கிறார்கள். மூல வண்ணம் முற்றிலும் போய்விட்டது என்றே எண்ணியிருந்தோம். அணியத்தின் வெளிமுனையில் ஓடும் பித்தளைப் பட்டையின் மேல்நுனியைக் கழற்றியபோது, முனைக்கட்டையை ஒட்டி, புதிய கித்தானுக்கும் அடியில், விரல் அகலத்துக்கும் குறைவான ஒரு பழைய கித்தான் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு பழுதுபார்த்தவர் அதைக் கத்தியால் நறுக்கியபோது விட்டுப்போன ஓரம் அது. அதன்மேல் சாம்பல்நிறப் பூச்சு, அதற்கு மேலே கறுத்துப்போன சிவப்பு. ஈரப்பஞ்சால் ஒற்றியதும் சிவப்பு தெளிவாகவே வெளிப்பட்டது. பச்சையின் சுவடு அதில் இல்லை. அந்தத் துணுக்கைத் தனியே ஓர் உறையிலிட்டு உரிமையாளரிடம் ஒப்படைத்தோம்.

பொருந்தாத அம்சம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பதிவின்படி முன் இருக்கையும் பின் இருக்கையும் ஒரே மரத்தில் செய்த, பிரம்பு பின்னிய இருக்கைகள். கனூவில் பின் இருக்கை அப்படியே உள்ளது. முன் இருக்கையோ பலகையால் ஆனது. முன் இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகள் இன்றைய கடைச்சரக்கு. அவற்றின் பக்கத்திலேயே பழைய போல்ட்டுகளின் துளைகள் அடைபட்டுள்ளன. வடுவோடு கூடிய இந்த வேறுபாட்டை, வடுவே இல்லாத விளிம்பு வேறுபாட்டோடு வைத்துப் பார்த்தால் இரண்டின் தன்மையும் எவ்வளவு வேறு என்பது தெரியும். பிற்காலத்தில் மாற்றியதற்குத் தடயம் உள்ள முரண், பதிவை மறுக்காது. தடயமே இல்லாத முரண், பதிவை மறுத்துவிடும். இந்த ஆய்வில் நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் இது ஒன்றே. எண்ணைத் தேடி வரும் எல்லோரும் இதையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே இது 1920களின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட கார்ல்ட்டன் கனூ. ஆண்டை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இப்படிச் சொல்வதற்குக் காரணம், பதிவிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் இருப்பதுதான். உடலைக் கட்டியதும் கித்தான் போர்த்தியதும் ஓர் ஆண்டின் இலையுதிர் காலத்தில். கடைசி வார்னிஷும் அனுப்பியதும் அடுத்த ஆண்டின் வசந்த காலத்தில். குளிர்காலத்தில் கட்டி அடுக்கி வைத்து, ஏரிகளின் பனி உருகும் பருவத்தில் அனுப்புவது அந்தத் தொழிலின் இயல்பு. இவற்றுள் எதைக் கனூவின் வயதாகக் கொள்வது என்று கேட்டால், அனுப்பிய தேதியைக் குறிப்பிட்டுவிட்டு, கட்டிய தேதியையும் உடன் எழுதி வைப்பதே முறை என்பேன். விற்பவர்கள் எது பழையதோ அதை மட்டும் சொல்வதும் உண்டு, அது சரியல்ல.

அனுப்பிய இடமாக மாசசூசெட்ஸ் மாநில நகரமொன்றின் கடை குறிக்கப்பட்டிருந்தது. வாங்கியவரின் பெயர் இல்லை. கடைகளுக்கு மொத்தமாகப் போன கனூக்களின் பதிவுகளில் வாங்குபவர் பெயரை எதிர்பார்க்கவும் முடியாது. உரிமையாளரின் தாத்தா அந்நகரத்தில் வேலை பார்த்தவர் என்று குடும்பத்தாருக்குத் தெரிந்திருப்பதால், அந்தக் கடையிலேயே அவர் வாங்கியிருக்கலாம். பதிவு சொல்வது கடைவரைதான். 1910 என்று குடும்பத்தில் வழங்கிவந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு விடை பேச்சினூடே கிடைத்தது. 1910 அவர்கள் ஏரிக்கரை நிலத்தை வாங்கிய ஆண்டு. நிலப்பத்திரத்தில் அந்த ஆண்டு இருக்கிறது. நிலத்தின் ஆண்டு காலப்போக்கில் அங்கிருந்த எல்லாப் பொருளுக்கும் உரிய ஆண்டாகிவிட்டிருக்க வேண்டும்.

உரிமையாளருக்குச் சிறிது ஏமாற்றம் இருந்தது உண்மை. கார்ல்ட்டன் என்பது தரத்தில் தாழ்ந்ததா என்று கேட்டார். 1910க்குப் பிந்தைய கார்ல்ட்டன்களை ஓல்ட் டவுன் நிறுவனமே தன் ஆட்களைக் கொண்டு, அதே சிடாரையும் அதே பித்தளை ஆணிகளையும் வைத்துக் கட்டியது. எண்ணிக்கையில் ஓல்ட் டவுன் கனூக்களைவிட மிகக் குறைவாகவே அவை வெளிவந்தன. இந்தக் கனூவின் பலகைகள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விரிசலின்றி, ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்பதைப் பார்த்த எவரும் அதன் தரத்தைக் குறைவாகப் பேச மாட்டார்கள். 1910 என்ற ஆண்டுக்காக இதை மதிப்பதைவிட, தனக்கு உரிய பெயரோடும் காலத்தோடும் மதிப்பதே இதைக் கட்டியவர்களுக்குச் செய்யும் நியாயம் என்று அவரிடம் சொன்னேன்.

அடுத்து வரும் வேலை பழுதுபார்ப்பு. கித்தானை உரித்ததும், புதியதைப் போர்த்தும் முன், பலகையின் வெளிப்புறம் முழுவதையும் படமெடுத்து வைக்க வேண்டும். அடுத்த கித்தான் பல பத்தாண்டுகள் நீடிக்கும் என்பதால் அந்த வாய்ப்பு அவ்வளவு காலத்துக்கு மீண்டும் வராது. மூன்று நிறுவனங்களின் பதிவு நகல்கள், இரு முனை எண்களின் பென்சில் படிகள், கித்தான் துணுக்கு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைக்குமாறும், பொருந்தாத இரண்டு பதிவுகளையும் ‘பொருந்தாதவை’ என்று காரணத்தோடு குறித்து அதிலேயே சேர்க்குமாறும் கேட்டுக்கொண்டேன். நாளை இன்னொருவர் ஓல்ட் டவுன் வரிசையில் மட்டும் தேடிவிட்டு அதே பழைய முடிவுக்குத் திரும்பாமல் இருக்க அது உதவும்.

அமரத்து முனைக்கட்டையில் உளுத்த பகுதியைச் சாய்வாக அறுத்து நீக்கி, புதிய மரத்தை ஒட்ட வேண்டியிருக்கிறது. ஐந்தாம் இலக்கம் இருந்த இடம் அந்தப் புதிய மரத்துக்குள் போய்விடும்; மற்ற நான்கும் 17ம் பழைய மரத்திலேயே தங்கும்படி அறுப்பின் கோட்டைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன். விட்டுப்போன இலக்கத்தைப் புதிய மரத்தில் பொறித்துவிடலாமா என்று தச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். முழு எண் அணியத்தில் இருக்கிறது. அமரத்தில் அந்த இடம் வெற்றாகவே இருக்கட்டும்.